குரூஸ் கொன்ட்ரோலும் கொழுந்து நிறுவையும்

கார்ச் சாவியை என் மனைவியிடம் கொடுப்பதில்லை என்று நான் தீர்மானித்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. ஆறு பத்துக்கு அதை அவளிடம் சொல்லும் தைரியம் வந்தது. ஆறு பதினொன்றுக்குப் போய்விட்டது. ஆனால் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. தீர்மானம் என்றால் அதுதான். வாய் பின்வாங்கலாம், பை பின்வாங்கக் கூடாது.

என் பெயர் யேசுரத்தினம். லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பெண்கள் பறித்துக் கொண்டுவரும் கொழுந்தை மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் நிறுத்து, ஆளுக்கு இத்தனை கிலோ என்று எழுதுவது என் வேலை. தராசுக்குப் பக்கத்தில் நின்றால் முந்நூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது ஓய்வு பெற்று பதுளை டவுனில் இருக்கிறேன். என் வாயை இப்போது நான் ஒருவன்தான் பார்க்கிறேன், அதுவும் சவரம் செய்யும்போது.

மனைவி பெயர் பவுலினா. நான் தராசு பிடித்த அதே தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒரு அம்மாவின் மகள். படித்து டீச்சரானவள். பதுளையிலிருந்து லுணுகலைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். ஐந்தரைக்கு வீட்டை விட்டால் பாதி வழி நின்றுகொண்டுதான் போக வேண்டும். பென்சனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

கொழும்பில் வேலை செய்யும் எங்கள் மகள் கேஷானி புதுக் கார் வாங்கினாள். பழைய ஹைப்ரிட் காரை எங்களுக்கு அனுப்பினாள். "அப்பா, இது அம்மா ஸ்கூலுக்குப் போக" என்று போனில் தெளிவாகத்தான் சொன்னாள். லைன் கிளியர் இல்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

பவுலினாவுக்குக் கார் ஓட்டத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். லைசன்ஸ் முதல் தடவையிலேயே எடுத்தவள். நான் மூன்றாம் தடவை. இந்தத் தகவல் நமக்குள் இருக்கட்டும்.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. கார் வாசலுக்கு வந்த நாளிலிருந்து தெருவில் போகிறவர்கள் நின்று பேசினார்கள். "ஐயா, கார் எடுத்துட்டீங்களா?" என்றார்கள். தராசை விட்டு வந்த பிறகு என் முன்னால் யாரும் நின்று பேசியதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபோது எனக்கு மறுபடி பதவி கிடைத்த மாதிரி இருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு நல்ல காரணம் தேவைப்பட்டது.

காரணத்தைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு புவாத். பஸார் தெருவில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். அன்று காலையே காருக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக விளக்கிக்கொண்டு வந்தார்.

"இது குரூஸ் கொன்ட்ரோல் ஐயா. இத அமுக்கினா ஒரே ஸ்பீட்ல போகும். கால் வெக்கத் தேவல்ல."

"பெற்றோல் மிச்சமாகுமா?"

"நேர் ரோட்டுல மிச்சம்தான். ஆனா எங்கட..."

'ஆனா'வுக்குப் பிறகு நான் கேட்கவில்லை. காரிலிருந்து குதித்து நேரே அடுப்படிக்கு ஓடினேன். பள்ளிக்கூடத்திலும் நான் இப்படித்தான், பாதி கேட்டதும் எழுந்துவிடுவேன். அதனால்தான் அங்கேயும் படிப்பு பாதியில் நின்றது.

பவுலினா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"பவுலினா, கார் சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

"ஏங்க?"

"பெற்றோல்."

"நான் என்ன பெற்றோலக் குடிக்கவா போறேன்?"

"நீ குடிக்க மாட்ட. ஒன் கால் குடிக்கும். மனுசன் கால் ஒரு நேரம் அமுக்கும், ஒரு நேரம் விடும். கோபம் வந்தா கூட அமுக்கும்."

"எனக்கு எங்கங்க கோபம் வருது?"

"எனக்குத் தெரியாதா? ஆனா அந்தக் கார்ல ஒரு பட்டன் இருக்கு. அதுக்குக் கோபமும் இல்ல, தாபமும் இல்ல. ஒரே அமுக்கு. பெற்றோல் சொட்டுச் சொட்டாத்தான் போகும். அந்த பட்டன ஆள டெக்னிக்கல் மூளை வேணும்."

"அது யாருகிட்ட இருக்கு?"

நான் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டேன். தன்னடக்கம்.

"ஏங்க, பதுளையில எங்க நேர் ரோடு இருக்கு அந்த பட்டன அமுக்க? பாத்ரூமுக்குப் போகவே நாலு வளைவு."

"தட்டுப்பாட்டுக் காலத்துல பழைய மோட்டார் சைக்கிளோட பெற்றோல் வரிசையில மூணு நாள் நின்னு, வரிசையிலேயே பிறந்தநாள் கொண்டாடினவன் நான். ஒரு சொட்டோட மதிப்பு எனக்குத்தான் தெரியும்."

"அந்த மூணு நாளும் சாப்பாடு கொண்டு வந்து குடுத்தது நான்."

பேச்சு திசை மாறுவதைக் கண்டேன். உடனே என் திட்டத்தை எடுத்து வைத்தேன். வரும் சனிக்கிழமை மொனராகலைக்குப் போகிறோம். போகும்போது நான், குரூஸ் கொன்ட்ரோலில். வரும்போது அவள், காலால். காரில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் மீட்டர் இருக்கிறது. யாருக்குக் கூடுதலோ அவர் கையில் சாவி. தோற்றவர் சாகும்வரை சாவியைக் கேட்கக் கூடாது.

வாசகர்களே, பதுளையிலிருந்து பசறை வரை ஏற்றம். ஒரு பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். பசறையிலிருந்து மொனராகலை வரை நாற்பது கிலோமீட்டரும் இறக்கம். கல்லை உருட்டிவிட்டாலே போய்ச் சேரும். இறக்கத்தை எனக்கும் ஏற்றத்தை அவளுக்கும் பிரித்துவைத்த என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

"சரிங்க" என்றாள் பவுலினா.

அவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"ஒரே ஒரு கண்டிசன்" என்றாள். "நிறுவை நான்தான் பாப்பேன்."

"என்ன நிறுவை?"

"யாரு ஜெயிச்சாங்கன்னு கணக்கு. முப்பது வருசம் நீங்க நிறுத்தீங்க. ஒரு நாளைக்கு நான் நிறுக்கிறேனே."

மீட்டர் எழுதுவதை அவளால் அழிக்க முடியுமா? நிறுத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். மொனராகலையில் ஏதோ வேலை இருக்கிறது என்று புவாத்தும் பின் சீட்டில் ஏறினார். அவரையே நடுவராக்கினேன். நடுவருக்குச் சாட்சி வேண்டுமாம், போனில் மீட்டரை ஒரு போட்டோ பிடித்துக்கொண்டார்.

குரூஸ் கொன்ட்ரோல் நாற்பதுக்கு மேல் போனால்தான் பிடிக்கும். ஒரு துண்டு நேர் ரோட்டில் நாற்பத்தைந்துக்கு வைத்து பட்டனை அமுக்கினேன். காலை எடுத்தேன். கார் தானே போனது. என் வாழ்க்கையில் நான் சொன்னதை அப்படியே கேட்ட முதல் ஜீவன் அதுதான். ஏழு செக்கன் கேட்டது. வளைவு வந்தது. பிரேக் பிடித்தேன். குரூஸ் விட்டுவிட்டது. மறுபடி பட்டன். மறுபடி வளைவு. மறுபடி பிரேக்.

"ஏங்க, பட்டன் தேயப் போவுது" என்றாள் பவுலினா.

"நீ மீட்டரப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எறங்குது."

ஏற்றத்தில் வேகம் குறைந்ததும் குரூஸுக்குப் பொறுக்கவில்லை. நாற்பத்தைந்து என்றால் நாற்பத்தைந்துதான் என்று இஞ்சினைப் போட்டு உறுமவைத்தது. பெட்டரியில் ஓட வேண்டிய கார், பாரம் ஏற்றிய லொறி மாதிரி சத்தம் போட்டது. "ஐயா, ஏத்தத்துல அத விட்டுட்டுக் காலால..." என்று புவாத் தொடங்கினார். நடுவர் பேசக் கூடாது என்று அடக்கினேன்.

பசறையில் பிளேன்டீக்கு நிறுத்தினோம். புவாத் மீட்டரை இன்னொரு போட்டோ பிடித்தார். பவுலினா குனிந்து ஏதோ பட்டனை அமுக்கினாள்.

"என்ன செய்யிற?"

"மீட்டர் ரெண்டு இருக்குங்க. ஒண்ணு முழுப் பயணத்துக்கு, அதத் தொடல. மத்தத சைபராக்கினேன். வேலை செய்யுதான்னு பாக்கத்தான்."

பெண்களுக்கு பட்டன் என்றால் ஆசை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு இறக்கம் தொடங்கியது. இஞ்சின் வாயை மூடியது. பெட்டரி நிரம்பிக்கொண்டே வந்தது. மீட்டர் பதினாலு, பதினேழு, இருபது என்று ஏறியது. அடிவாரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே உண்மையான நேர் ரோடு வந்தது. அறுபதில் வைத்து, காலை மடக்கிச் சம்மணம் கட்டாத குறையாக உட்கார்ந்திருந்தேன். அங்கே மட்டும் குரூஸ் சொன்னபடி வேலை செய்தது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மொனராகலையில் முழுப் பயணத்துக்கும் லிட்டருக்கு இருபத்து மூன்று கிலோமீட்டர்.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேங்க" என்று அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். புவாத் போட்டோ பிடித்ததும் அவள் இரண்டு மீட்டரையும் சைபராக்கினாள்.

வெற்றி நிச்சயம். இருந்தாலும் தீர்மானம் உள்ளவன் ஓட்டை வைக்க மாட்டான். சந்தையில் இரண்டு சாக்குத் தேங்காய் வாங்கி டிக்கியில் ஏற்றினேன். அறுபது கிலோ.

"எதுக்குங்க இவ்வளவு தேங்கா?"

"சம்பலுக்கு."

"நம்ம ரெண்டு பேருக்கா?"

"மலிவு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நிறை கூடினா பெற்றோல் கூடும், இல்லைங்களா?" என்றாள்.

"அப்படியா? எனக்குத் தெரியாதே" என்றேன். முப்பது வருடம் நிறையோடு வாழ்ந்தவன் நான்.

திரும்பும் பயணத்தில் பவுலினா ஸ்டியரிங்கில். காரை மிதிக்கவில்லை, தடவினாள். ஏற்றம் வருமுன் கொஞ்சம் வேகம் எடுத்துக்கொண்டாள். ஏறும்போது வேகம் குறைந்தால் குறையட்டும் என்று விட்டாள். பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழி விட்டாள். ஒரு முச்சக்கர வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. எனக்கு மானம் போனது.

"என்னடி இது, ஊர்ந்துக்கிட்டு?"

"ஏத்தத்துல ஓடினா மூச்சு வாங்குங்க. கொழுந்துக் கூடையோட எங்கம்மா எப்பிடி மலை ஏறும்னு பாத்திருக்கீங்களா? ஓடாது. நிக்கவும் நிக்காது. ஒரே மாதிரி மெதுவா."

"பாத்ததில்லையே."

"எப்பிடிப் பாப்பீங்க? நீங்க மேல தராசுகிட்ட நின்னீங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவது போலப் படுத்தேன். ஜெயித்தவன் தூங்கலாம். பசறையில் கார் நின்றதும், புவாத்தின் போன் 'கிளிக்' என்றதும், பவுலினா குனிந்து பட்டனை அமுக்கியதும் காதில் விழத்தான் செய்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

பதுளையில் வீட்டு வாசல். மீட்டரைப் பார்த்தேன். திரும்பி வந்த முழுப் பயணத்துக்கும் லிட்டருக்குப் பத்தொன்பது.

"இருபத்து மூணு! பத்தொன்பது!" என்று துள்ளினேன். "புவாத், தீர்ப்பச் சொல்லுங்க!"

"இருங்க" என்றாள் பவுலினா. "நிறுவை இன்னும் முடியல."

கொப்பியைக் காரின் மேல் விரித்தாள். புவாத் போனை எடுத்தார். இரண்டு பேரும் பரீட்சை மண்டபத்து ஆட்கள் மாதிரி நின்றார்கள்.

"மொதல்ல ஏத்தம்" என்றாள். "பதுளையில இருந்து பசறைக்கு நீங்க ஏறினீங்க. லிட்டருக்குப் பன்னெண்டு. மொனராகலையில இருந்து பசறைக்கு நான் ஏறினேன். லிட்டருக்குப் பதினஞ்சு. அடுத்தது இறக்கம். நீங்க எறங்கினது லிட்டருக்கு நாப்பது. நான் எறங்கினது நாப்பத்தஞ்சு. ஏத்தத்துலயும் நான் கூட. இறக்கத்துலயும் நான் கூட."

"அதெப்படி? மொத்தத்துல நான்தானே கூட?"

"உங்களுக்கு ஏத்தம் பதினெட்டு கிலோமீட்டர், இறக்கம் நாப்பது. எனக்கு ஏத்தம் நாப்பது, இறக்கம் பதினெட்டு. யாருங்க பிரிச்சது?"

நான் தொண்டையைச் செருமினேன். "மொத்தமா நிறுக்கிறதுதான் முறை."

"எந்த ஊரு முறை?"

"தோட்டத்து முறை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அதற்காகவே அவள் காத்திருந்த மாதிரி கொப்பியை மூடினாள்.

"காலைக் கொழுந்து பனியில நனைஞ்சிருக்கும். அதுல ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிக்கிறது சரி. மத்தியானக் கொழுந்து வெயில்ல காஞ்சது. ரெண்டையும் தனித்தனியா நிறுங்கய்யான்னு எங்கம்மா உங்ககிட்ட கேட்டுச்சு. என்ன சொன்னீங்க?"

எனக்கு நினைவிருந்தது. இல்லாதது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"எல்லாக் கொழுந்துக்கும் ஒரே முறைன்னீங்க. வெயில் கொழுந்துலயும் ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ரெண்டுன்னு கழிச்சீங்க. நான் அப்ப பள்ளிக்கூடத்துல ஓ.எல். படிக்கிறேன். மடுவத்து வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்கே முடிவு பண்ணினேன்."

"என்ன முடிவு?"

"இந்த ஆளுக்கு ஒரு நாள் ஒழுங்கா நிறுத்துக் காட்டணும்னு."

"அடிப்பாவி! அதுக்காகவா என்னைக் கல்யாணம் பண்ணின?"

"பக்கத்துல இருந்தாத்தானே நிறுக்க முடியும்."

புவாத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த அம்மா மலையேறி வந்து, கூடையை இறக்கி, நான் சொல்லப்போகும் எண்ணுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. கழித்த கிலோவெல்லாம் தோட்டத்துக்குத்தான் போனது, என் பைக்கு வரவில்லை. ஆனால் கழித்த வாய் என்னுடையது.

இருந்தாலும் தீர்மானம் தீர்மானம்தான். கடைசி ஆயுதமாக நடுவரைப் பார்த்தேன். "புவாத், நீங்க சொல்லுங்க. குரூஸ் போட்டா பெற்றோல் மிச்சம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நேர் ரோட்டுல மிச்சம்தான் ஐயா. 'ஆனா எங்கட மலை ரோட்டுல அது மெஷினப் போட்டு மிதிக்கும்'ண்டு நான் சொல்ல வந்த. நீங்க எழும்பி ஓடிட்டீங்க."

"பிறகாவது சொல்லியிருக்கலாமே!"

"டீச்சர்ட்ட நான் சொன்ன" என்றார். "அவங்கதான், ஐயாவே ஓட்டிப் பாத்துப் படிக்கட்டும்ண்டு சொன்னாங்க."

"அப்ப மொனராகலையில உங்களுக்கு இருந்த வேலை?"

"போட்டோ புடிக்கிறதுதான்."

பவுலினா கையை நீட்டினாள். "தேங்கா அறுபது கிலோவையும் சுமந்துக்கிட்டுத்தான் ஏறினேன். அதுக்கு நான் ஒண்ணும் கூட்டிக் கேக்கல. சாவியக் குடுங்க."

ஒரு வாரம் என் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த சாவி. எடுத்துக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. "டீ போடவா?" என்று மட்டும் கேட்டாள். அது சிரிப்பதைவிட மோசம்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் தேங்காய் உரித்தேன். உரிக்க உரிக்க புதுத் தீர்மானம் ஒன்று உருவானது. ஓட்டுவதுதானே போனது, உட்காருவது போகவில்லையே. அவளோடு லுணுகலைக்குப் போவேன். கடைத்தெருவில் மெதுவாகக் கதவைத் திறந்து இறங்குவேன். பழைய சிநேகிதர்கள் பார்ப்பார்கள். யார் ஓட்டினார்கள் என்று அங்கே யார் கேட்கப்போகிறார்கள்?

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே சலவைச் சட்டையும் புதுச் செருப்புமாக இடப்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பெல்ட்டும் போட்டுக்கொண்டேன். பவுலினா கைப்பையோடு வந்தாள். சாவியைப் போட்டாள். கார் சத்தமே இல்லாமல் விழித்தது. அவள் என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

"எங்கங்க?"

"லுணுகலைக்கு. சும்மா, ஒனக்குத் துணையா."

"எத்தனை கிலோ இருக்கீங்க?"

நான் முப்பது வருட அனுபவத்தை வரவழைத்துக்கொண்டேன். "எழுபத்தெட்டு. சட்டைக்கும் செருப்புக்கும் ரெண்டு கழிச்சா எழுபத்தாறு."

"நான் கழிக்கிறதில்லைங்க" என்றாள் பவுலினா. "இறங்குங்க."